நாலு மணிக்கு வைத்த விளக்கு

மச்சாள்,

காலையில் கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். வந்தவள் அதைச் சுவரோடு சாத்திவிட்டு, பேனையும் கடுதாசியும் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். தரை முழுக்க நேற்றுப் போட்ட புல்லு. நேற்றுப் பச்சையாய்க் கிடந்தது, இன்றைக்கு நுனி சுருண்டு நிறம் மாறப் பார்க்கிறது. கோப்பிக்கொட்டை வறுத்த புகையின் மணமும் இன்னும் போகவில்லை. ஜன்னல் சீலையில் நிற்கிறது, சோபாவில் நிற்கிறது, என் சேலைத் தலைப்பிலும் நிற்கிறது. மகள் வேலைக்கு வெளிக்கிடும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு போனாள். நீங்கள் இருந்திருந்தால், "மணக்கட்டும் பிள்ளை, பெருநாள் வீடு எண்டு றோட்டுக்கும் தெரியட்டும்" என்று சொல்லியிருப்பீர்கள்.

ஓம் மச்சாள், நேற்று உங்கள் புதுவருசம் இந்த வீட்டில் நடந்தது. நீங்கள் சித்திரையில் கண்ணை மூடினீர்கள். உங்கள் ஆட்டைத் திவசம் வர இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. ஆள் போன வீட்டில் ஒரு வருசத்துக்குப் பெருநாள் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். அப்படிப்பட்ட நானே முன்னுக்கு நின்று அதை நடத்தினேன். எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லாமல் இந்தப் புல்லைக் கூட்ட மனம் வரவில்லை.

என் மகளை உங்கள் மகன் கட்டினதால் நீங்கள் எனக்குச் சம்பந்தி. வாய்க்கு மச்சாள். கனடாவில், ரூஜில் இருக்கிற இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான். எங்கள் பேத்தி ஆரணி பிறந்தபோது பிள்ளை பார்க்க வந்து அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் மனிசன், அண்ணை, மோசம் போன பிறகு நீங்கள் இரண்டு சூட்கேசோடு வந்தீர்கள். அதில் ஒன்றைத் திறந்தபோது உடுப்பு இருக்கவில்லை. கழுத்து நீண்ட ஒரு கறுப்பு மண் கூசாவும், கைபிடி இல்லாத சின்னக் கோப்பைகளும், சீலையில் சுற்றிய வறுக்கிற தட்டும்தான் இருந்தன. யாழ்ப்பாணத்துக்காரியின் பெட்டிக்குள் என்ன சாமான் இது என்று எட்டிப் பார்த்தேன். "அடிஸ் அபாபாச் சாமான், மச்சாள், கவனம்" என்றீர்கள். அந்தக் "கவனம்" எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் படித்த ஆட்கள் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அண்ணையும் அப்படித்தான் போனார். அடிஸ் அபாபாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். நீங்கள் அங்கே பத்து வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்தினீர்கள். உங்கள் மகன் ஒன்பது வயது வரைக்கும் அந்த மண்ணில்தான் ஓடித் திரிந்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் விளக்கு எப்போது வைப்பது, எந்த நாளுக்கு எதைச் சமைப்பது, எவருக்கு எது ஆகாது என்பதில் இந்த வீட்டில் என் சொல்தான் சொல். நீங்களும் அதில் தலையிட்டதில்லை. உங்களுக்கு வேறு ஒரு கலண்டர் இருந்தது.

உண்மையில் இந்த வீட்டில் மூன்று கலண்டர் ஓடியது மச்சாள். சுவரில் கனடாக் கலண்டர், என் கையில் பஞ்சாங்கம், உங்கள் தலைக்குள் அடிஸ் அபாபா. உங்கள் வருசத்துக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்துக்கு ஒரு கிழமை நாள்கூட இல்லை. வருசக் கணக்கும் எங்களுடையதைவிட ஏழெட்டு வருசம் பின்னுக்கு நிற்குமாம். "அங்கை போய் இறங்கின அண்டைக்கே எனக்கு வயது குறைஞ்சு போச்சு" என்று நீங்கள் சொல்ல, வயதைக் குறைச்சுச் சொல்ல ஒரு நாடே துணை நிற்குதோ என்று நான் கேட்டேன். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது.

சாப்பாட்டு மேசையில் அந்த ஊர்ப் பெருநாட்கள் ஒவ்வொன்றாக வரும். ஓகஸ்ட்டில் பொடியன்கள் சாட்டையைச் சுழற்றி வெடிச்சத்தம் எழுப்பி, வீடு வீடாய்ப் பாடி ரொட்டி வாங்குகிற நாள். ஜனவரியில் அவர்களுடைய நத்தார், யேசு பிறந்த நாள். அதற்கு வளைந்த தடியால் பந்தடிப்பார்கள் என்று நீங்கள் சொல்ல, ஆரணி, "அது ஹொக்கி, அப்பம்மா" என்றாள். "கனடாக்காரருக்கு முன்னமே அவங்கள் அடிச்சவங்கள்" என்று விட்டுக்கொடுக்காமல் நின்றீர்கள். புதுவருசத்துக்கு அடுத்த நாள் அரசாங்கப் பெருநாளாம். அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாய்க் கூட்டிக்கொண்டு போய்ச் சதுக்கத்தில் வெயிலில் நிற்க வேண்டுமாம். "முதல் நாள் சனம் தானாய் வந்தது, அடுத்த நாள் சனத்தைக் கொண்டு வந்தவை" என்று இரண்டையும் பிரித்துக் காட்டுவீர்கள்.

நான் மட்டும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேனா? தைக் குளிரில் குருமார் ஒரு பொருளைப் பட்டால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு நீர்க்கரைக்கு ஊர்வலம் போவதை நீங்கள் சொன்ன அன்று, எங்கள் கோயில் தீர்த்தத் திருவிழாவைத்தானே சொல்லுகிறீர்கள் என்று மடக்கினேன்.

"இல்லை மச்சாள், உது வேறை."

"குடை பிடிக்கிறவையோ?"

"ஓம், பட்டுக் குடை."

"மேளம்?"

"அதுவும் இருக்கு."

"தண்ணி தெளிக்கிறவையோ?"

"தெளிக்கிறவை."

"பிறகென்ன வேறை?"

"அந்தப் பட்டுக்குள்ளை இருக்கிறதை ஒருத்தரும் பாக்கக் கூடாது, மச்சாள்" என்றீர்கள். பார்க்க முடியாத சாமிக்குப் பின்னால் இவ்வளவு சனம் நடக்குமா என்று எனக்கு அன்று முழுவதும் அதே நினைவு. அதை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் வென்றதாகப் போய்விடும்.

இவையெல்லாம் கதையோடு நின்றன. செப்ரெம்பர் பதினொன்று மட்டும் கதையோடு நிற்கவில்லை. அது உங்கள் புதுவருசம். மழைக்காலம் முடிந்து மலையெல்லாம் மஞ்சள் பூப் பூக்கிற நேரம். பெட்டைகள் வெள்ளைச் சட்டை போட்டு அந்தப் பூவைக் கட்டுக் கட்டாய்ப் பிடித்துக்கொண்டு வீடு வீடாய்ப் பாடி வருவார்கள். வீட்டுக்குள்ளே பச்சைப் புல்லைப் பரப்பி, அதன்மேல் இருந்து கோப்பி வறுத்துக் குடிப்பார்கள். அங்கே ஊரே பூட்டியிருக்கும். இங்கே உங்கள் பெருநாளுக்கு ஒரு பஸ்கூட நிற்காது. ஆனாலும் இந்த வீட்டில் அதை நடத்தியே ஆவது என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள்.

முதல் வருசம் ஹோலில் புல்லைக் கண்டபோது, ஆரணி வெளியில் விளையாடி இழுத்துக்கொண்டு வந்ததாக்கும் என்று கூட்டி அள்ளினேன். குப்பை வாளிக்குள் அதைக் கண்டும் நீங்கள் வாளியை மூடிவிட்டுப் போனீர்கள். இரண்டாவது வருசம் தெரிந்துகொண்டுதான் கூட்டினேன். வீட்டுக்குள் புல்லுப் போட இது என்ன மாட்டுக் கொட்டிலோ என்று வாய்விட்டும் கேட்டேன். இன்றைக்கும் சொல்லுகிறேன், கூட்டினது பிழையில்லை. தரை சுத்தமாய் இருக்க வேண்டும் என்பது ஒரு நாட்டுக்கும் விரோதமான சட்டம் இல்லை.

மூன்றாவது வருசம் நான் பகல் நித்திரை முடிந்து படியால் இறங்கி வந்தேன். வெளியில் வெயில் கண்ணைக் குத்துகிறது. மணி நாலு. சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. தரையில் புல்லு. அதன் நடுவே நீங்கள் தட்டை வைத்துக் கோப்பி வறுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"என்ன மச்சாள், சூரியன் அங்கை நிக்குது, விளக்கை வைச்சிட்டியள்?"

"வைச்சால் வைச்சதுதானே. விளக்கு வைச்சாப் பிறகு கூட்டினால் லட்சுமி வெளியிலை போயிடுவா எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதை உங்களிடம் இருந்தது. நான் தும்புத்தடியோடு நின்றேன். என் சட்டத்தை எடுத்து என் கையையே கட்டிப்போட்ட ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். மகள், "அப்ப வாக்யூம் போடட்டோ அம்மா?" என்று என் பக்கம் பேசுவதாக நினைத்துக் கேட்டாள். மெஷின் எண்டால் லட்சுமிக்கு விளங்காதோ என்று அவளை அதட்டினேன். சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான்.

அதற்குள் ஸ்மோக் அலாம் கத்தத் தொடங்கியது. வறுக்கிற கையை நீங்கள் எடுக்க முடியாது, கொட்டை கருகிவிடும். குசினியில் கிடந்த சுளகை எடுத்துக்கொண்டு வந்து அலாமுக்குக் கீழே நின்று விசுக்கினேன். அது வாயை மூடியது. அன்றைக்கு எனக்கு உங்கள் பெருநாளில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. பிறகு எல்லா வருசமும் நீங்கள் வறுத்தீர்கள், நான் விசுக்கினேன். கூடாது என்று சொல்லிக்கொண்டே விசுக்கினேன்.

மூன்று தரம் கோப்பி ஊற்றுவீர்கள். அதே கூசாவில் திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவதால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாய் இலேசாகும். மூன்றாவதற்குப் பரகா என்று பெயர். அதுதான் ஆசீர்வாதம், அதற்கு முன் எவரும் எழும்பக் கூடாது. ஆனால் உங்கள் மகன் ஒரு வருசமும் அதுவரைக்கும் இருந்ததில்லை. வேலையால் வருவார், சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொக்ஸ் காலோடு ஓரமாய் நிற்பார், முதல் கோப்பையை வாங்கி ஒரே மடக்காகக் குடிப்பார். நீங்கள் அந்தக் கதையைத் தொடங்குவீர்கள். ஐந்து வயதில் அவரும் ஒரு பூக்கட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டைகளோடு பாடப் போனதும், இது பெட்டைகளின் வேலை என்று அவர்கள் அவரைக் கலைத்துவிட்டதும், அவர் அழுதுகொண்டு வந்து ஹோலில் புல்லின்மேல் படுத்து நித்திரையாகிப் போனதும். "எழுப்பினால், கன்னத்திலை புல்லு அச்சு" என்று நீங்கள் சொல்லும்போது அவர் கோப்பையை வைத்துவிடுவார். "அம்மா, மீற்றிங் ஒண்டு இருக்கு." மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துவார். நீங்கள் அவருடைய பரகாவையும் ஊற்றி வைப்பீர்கள். அது ஆறிப்போய்க் கிடக்கும்.

எதற்காகப் புல்லு என்று ஒருமுறை உங்களிடம் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டேன். "மழை முடிஞ்ச செய்தி காலுக்குத்தான் முதல் தெரிய வேணும், மச்சாள்" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் முறையாகத்தான் நடந்தது. எட்டுச் செலவு, அந்தியேட்டி, எல்லாம். உங்கள் படத்தைச் சாமி அறைக்குள் வைக்காமல் ஹோலில் சுவரில் கொழுவி, கீழே ஒரு விளக்கு வைத்தோம். ஆடிப்பிறப்பு வந்தபோது கூழ் காய்ச்சவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். உங்கள் மகன் கதைப்பதே குறைந்துபோனது. உங்கள் பெயரை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். பழக்கம் பழைய பழக்கம்தான், மீற்றிங் என்ற சாட்டு மட்டும் இல்லை.

ஓகஸ்ட் முடிய இருந்த ஒரு சாப்பாட்டு நேரத்தில் ஆரணி கேட்டாள். இப்போது தாயளவு உயரம் வந்துவிட்டாள், குரலும் அப்படித்தான்.

"அப்பம்மாட டே வருது. நாங்கள் செய்யிறமா?"

உங்கள் மகன் சோற்றைப் பார்த்தபடி சொன்னார். "ஒண்டும் வேண்டாம். அம்மா போய் ஒரு வருசம் முடியேல்லை. மாமி, நீங்களே சொல்லுங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆரணியின் முகம் அதற்கு முன்னமே வாடிவிட்டது. அவள் அழவில்லை. "இட்ஸ் நொட் ஈவின் எ ஹொலிடே, ஸ்கூல் இருக்கு" என்று மட்டும் சொல்லிச் சோத்துக் கோப்பையைத் தள்ளினாள். இந்த வருசம் விட்டால் அந்தப் பெருநாள் இந்த வீட்டுக்குத் திரும்பி வராது என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது மச்சாள். பொங்கலை ஒரு வருசம் விடலாம். அடுத்த வருசம் தெருவே பொங்கும், கோயில் பொங்கும், ரீவி பொங்கும், எங்களையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் பெருநாளை இழுத்துக்கொண்டு வர இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் ஒரு ஆள்தான் இருந்தீர்கள். அதனால், "பாப்பம்" என்றேன். என் வாயில் அந்தச் சொல் வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் மகன் பின்வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பின்வேலி ஓரமாக ஒரு துண்டை வெட்டாமல் விடச் சொல்லி வருசா வருசம் நீங்கள் அவரோடு வாதாடுவீர்கள். புல்லு நீளமாய் வளர்ந்தால்தான் பரப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார், சிற்றிக்காரன் வருவான் என்று அவர் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் முறுகுவார். இந்த முறை கேட்க ஆளில்லை. மெஷின் வளவு முழுக்க ஓடியது. வேலிப் பக்கம் போனது. அந்தத் துண்டு வந்ததும் வளைந்து சுற்றிக்கொண்டு திரும்பியது. புல்லு என் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. அதாவது நீங்கள் இல்லாத கோடை முழுக்க அவர் அதைச் சுற்றித்தான் வெட்டியிருக்கிறார். வாய் வேண்டாம் என்றது, மெஷின் விலத்திப் போனது.

நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக்கூட. கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, ஆட்டைத் திவசம் முடியாத வீட்டிலை எதியோப்பியா வருசப்பிறப்புச் செய்யலாமோ?"

போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன்.

"அம்மா, அது பஞ்சாங்கத்திலை இல்லையே" என்றார்.

"இல்லாததைப் பஞ்சாங்கம் தடுக்குமோ, ஐயா?"

"தடுக்கிறதுக்கு இல்லை, ஆனால்…"

ஆனாலுக்குப் பிறகு வந்ததை நான் கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நாங்கள் விடவேண்டியது எங்கள் பெருநாட்களை. உங்களுடையது எங்கள் கணக்கிலேயே வராதது. இறந்தவளுக்காக அவளுடைய பெருநாளையே நிறுத்து என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் எழுதினவருக்கு உங்களைத் தெரியாது.

நேற்று ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலி ஓரத்துக்குப் போனோம். புல்லை அவள் வெட்டினாள், நான் கட்டினேன். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூவும் கொஞ்சம் பறித்தோம். அடிஸ் அபாபாப் பூவுக்குப் பொட்டு இல்லை என்றும், "பரவாயில்லை, இது தமிழ்ப் பூ" என்றும் நீங்கள் சொல்லுவதை அவள் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பெட்டை கெட்டிக்காரி. பிறகு ஹோலில் சோபாவைத் தள்ளிப் புல்லைப் பரப்பினோம். உங்கள் படத்துக்குக் கீழே விளக்கை வைத்தேன். மணி நாலு. வெளியில் நல்ல வெயில்.

கோப்பி வறுக்க இருந்தேன். இத்தனை வருசம் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்பதால் வறுவல் எனக்குப் புதிதில்லை. கொட்டை மினுங்கத் தொடங்கினதும் அலாம் கத்தியது. தட்டை விட முடியாமல் தலையை நிமிர்த்தினேன். விசுக்கிறவள் எங்கே என்று ஒரு கணம் தேடினேன் மச்சாள். விசுக்கிறவள் நான். அவள் இப்போது வறுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் இடத்தில் நான் இருந்துவிட்டதால் என் இடம் வெறுமையாய்க் கிடந்தது. அதற்குள் ஆரணி கதிரையில் ஏறிச் சுளகை எடுத்து விசுக்கத் தொடங்கிவிட்டாள். "கீப் கோயிங், அம்மம்மா, ஐ காட் இட்" என்றாள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகனின் கார் வந்தது.

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். புல்லைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் பின்னால் வந்து, "அம்மா, நான் அவருக்குச் சொல்லேல்லை" என்று கையைப் பிசைந்தாள்.

"என்ன மாமி இது? நீங்களுமோ?"

ஐயர் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விறுவிறு என்று போய் அலுமாரியைத் திறந்து வாக்யூமை இழுத்துக்கொண்டு வந்தார். வயரைப் பிளக்கில் செருகக் குனிந்தார். ஆரணி கதிரையில் நின்றபடியே அழத் தொடங்கினாள். நான் எழும்பவில்லை. கொட்டை கருகக் கூடாது.

"தம்பி, விளக்கு வைச்சாச்சு" என்றேன்.

குனிந்தவர் நிமிர்ந்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியில் சூரியன் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே பளிச்சென்று நிற்கிறது. திரும்ப விளக்கைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த உங்களைப் பார்த்தார். இது யாருடைய வேலை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"உது அம்மான்ரை விளையாட்டு" என்றார்.

"ஓம். இப்ப என்ரை."

வாக்யூமை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. சரி, இந்த வருசம் முதல் கோப்பையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கொட்டையை இடித்தேன். மகள் கூசாவில் தண்ணீர் விட்டாள். ஆரணி சோளப்பொரி கொண்டுவந்து வைத்தாள். கோப்பி பொங்கி வருகிற நேரம் படியில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வேலைச் சட்டை மாற்றவில்லை, கழுத்துப்பட்டிகூட அப்படியே. ஆனால் காலில் சொக்ஸ் இல்லை. வெறுங்காலோடு வந்து புல்லின் ஓரத்தில் நின்றார். முதல் ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலை வைத்தார். ஐம்பது வயது மனிசன் மச்சாள், குளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கினார். வந்து சோபாவில் இருக்காமல் தரையில் சம்மாணம் கொட்டி இருந்தார்.

முதல் கோப்பை குடித்தார். நான் உங்கள் கதையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது ஊற்றும்போது அவரே ஆரணியிடம், "அப்பம்மா உனக்குச் சொன்னவவோ, நான் பூக் கொண்டு போனது?" என்று தொடங்கினார். கலைத்துவிட்ட பெட்டைகளில் பெரியவளின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அது உங்களுக்கே தெரிந்திருக்காது. போன் அடித்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

மூன்றாவது ஊற்றினபோதுதான் எனக்கு இடறியது. பரகாவைக் கையில் கொடுக்கும்போது நீங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த ஊர்ப் பாசையில் ஏதோ சொல்லுவீர்கள். எத்தனை வருசம் கேட்டும் அந்தச் சத்தம் என் நாக்கில் ஏறவில்லை. இங்கே எங்கள் எழுத்தில் எழுதவும் வராது. வெறுமனே நீட்டினேன். உங்கள் மகன் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிக்கொண்டு, நீங்கள் சொல்லுகிற அதே சொல்லை, அதே இழுவையோடு சொன்னார். ஆரணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். என் மகளும் கட்டின நாளிலிருந்து அவர் வாயில் அதைக் கேட்டதில்லையாம்.

"அதுக்கு என்ன கருத்து, தம்பி?" என்று கேட்டேன்.

"இந்த நாள் வரைக்கும் எங்களைக் கொண்டு வந்து சேத்தது நல்லது எண்டு, மாமி."

அதற்குப் பிறகு முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டார். கோப்பை சின்னது, முகத்தை மறைக்கப் போதாது. நாங்கள் வேறு பக்கம் பார்த்தோம். ஆரணி பூவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள். "அப்பா, நீங்களும் வாங்கோ, நான் கலைக்க மாட்டன்" என்றாள். அவர் வெறுங்காலோடு அவளுக்குப் பின்னால் போனார்.

அவ்வளவுதான் மச்சாள், உங்களுக்குச் சொல்ல இருந்தது. கோப்பி கொஞ்சம் கடுமை என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நான் சரியாகத்தான் வறுத்தேன். இரண்டு கிழமையில் உங்கள் சிலுவைப் பெருநாள் வருகிறது. பாபிக்யூ அடுப்பைத் துப்பரவாக்கி வைக்கும்படி உங்கள் மகனுக்குச் சொல்லிவிட்டேன். தடிகளைக் கூட்டி நட்டு எரித்து, நடுத்தடி எந்தப் பக்கம் விழுகிறது என்று பலன் பார்ப்பார்கள் என்று சொல்லுவீர்களே, அதை நானும் பார்க்கத்தான் போகிறேன். அடுத்த சித்திரைக்குப் பிறகு பொங்கலும் வரும், ஆடிக்கூழும் வரும், அவற்றையும் குறையில்லாமல் செய்வேன். இந்த வீட்டில் இப்போது இரண்டு கலண்டரும் என் கையில்தான் இருக்கின்றன.

இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. இடையில் சோறு வைத்தேன், ஆரணிக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், மகள் போனில் "அம்மா, ஹோல் கூட்டியாச்சோ?" என்று கேட்டதற்கு, கூட்டுவம், கூட்டுவம் என்று சொன்னேன். தும்புத்தடி சாத்தின இடத்திலேயே நிற்கிறது. புல்லு இன்னும் கொஞ்சம் சுருண்டுவிட்டது. நடந்து பார்த்தேன், காலுக்கு இன்னும் தெரிகிறது.

மணி நாலாகப் போகிறது மச்சாள். எழும்பி விளக்கை வைக்கப் போகிறேன். பிறகு கூட்டக் கூடாது.